ஜாங்கோவில் எந்த சிஎஸ்எஸ் முதலில், எந்த ஸ்கிரிப்ட் அப்புறம்: வரிசையை நம் கையில் வைத்திருப்பது எப்படி

ஒரே பக்கத்தில் இரண்டு ஃபார்ம்கள் வைத்திருந்தேன். மேலே இருப்பதில் தேதி தேர்வு செய்யும் நாட்காட்டி, கீழே இருப்பதில் எழுத்தைத் தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் பெட்டி. தனித்தனிப் பக்கங்களில் இருந்தவரை இரண்டும் ஒழுங்காக வேலை செய்தன. ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்ததும் நாட்காட்டி திறக்கவே இல்லை, கன்சோலில் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது என்று ஒரு சிவப்பு வரி. நாட்காட்டியின் பதிப்பை மாற்றிப் பார்த்தேன், காஷை அழித்துப் பார்த்தேன், பக்கத்தின் எந்தப் பகுதி என்று குறிக்கும் செலக்டரை மாற்றிப் பார்த்தேன், ஒன்றரை நாள் போய்விட்டது. கடைசியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து ஸ்கிரிப்ட் டேக்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் ஜேக்வெரி (நாட்காட்டி நம்பியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) இரண்டு தடவை இருப்பது கண்ணில் பட்டது. முதல் ஜேக்வெரி வந்திருக்கிறது, நாட்காட்டி அதில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்புறம் இரண்டாவது ஃபார்மோடு புது ஜேக்வெரி வந்து பழையது இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பழையதோடு சேர்ந்து நாட்காட்டியும் போய்விட்டது.

அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் என்னென்ன ஃபைல்கள் எந்த வரிசையில் வரும் என்பதை ஒரே ஒரு இடம்தான் தீர்மானிக்க வேண்டும், மற்ற எல்லாரும் தனக்கு என்ன தேவை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். இதை, பைத்தானில் இணையதளம் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் எப்படிச் செய்வது என்று கீழே எழுதுகிறேன். வேறு ஃபிரேம்வொர்க்கில் வேலை செய்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், ஏனென்றால் விதி வைப்பது பிரவுசர்தான்.

பிரவுசரின் கணக்கு

ஜாங்கோ எழுத்தைக் கோர்த்து ஒரு எச்டிஎம்எல் அனுப்புகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஸ்டைல்ஷீட்டைப் பொறுத்தவரை (தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைல்தான் இது) பிரவுசர் பார்ப்பது ஆவணத்தில் அது இருக்கும் இடத்தை. ஒரே வலு உள்ள இரண்டு செலக்டர்கள் ஒரே பண்பைத் தொட்டால் பின்னால் எழுதியிருப்பது ஜெயிக்கும். எந்த ஃபைல் நெட்வொர்க்கில் முந்தி இறங்கியது என்பதற்கு இதில் இடமே இல்லை, அதனால் ப்ரீலோட் போட்டு ஒரு சிஎஸ்எஸ்ஸை வேகமாக இறக்கினாலும் யார் ஜெயிப்பார் என்பது மாறாது. இதைப் புரிந்துகொள்ளாமல் நெட்வொர்க் பேனலை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்கிரிப்ட் விஷயம் வேறு. எந்தப் பண்பும் போடாத சாதாரண ஸ்கிரிப்ட் டேக் வந்ததும் பிரவுசர் எச்டிஎம்எல் படிப்பதை நிறுத்தி, ஃபைலை இறக்கி, ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். அந்த ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஒரு ஸ்டைல்ஷீட் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்கிரிப்ட் அதற்கும் சேர்த்துக் காத்திருக்கும், ஏனென்றால் ஸ்கிரிப்ட் ஒரு பெட்டியின் அகலத்தைக் கேட்டால் சரியான பதில் தர ஸ்டைல் தேவை. டிஃபர் என்று போட்டால் இறக்குவது பின்னணியில் நடக்கும், ஓடுவது முழு ஆவணத்தையும் படித்து முடித்தபிறகு, அதுவும் டேக்குகள் எழுதியிருக்கும் வரிசையிலேயே. அசிங்க் என்று போட்டால் எது முதலில் இறங்கியதோ அது முதலில் ஓடும், வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மாட்யூல் வகை ஸ்கிரிப்ட் சொல்லாமலேயே டிஃபர் போல நடந்துகொள்ளும்.

ஒன்றையொன்று நம்பியிருக்கும் ஃபைல்களில் அசிங்க் போடவே போடாதீர்கள். உங்கள் கணினியில் எல்லாம் காஷில் இருப்பதால் வரிசை தற்செயலாகச் சரியாக வரும், மெதுவான இணைப்பில் இருக்கும் யாருக்கோ உடையும், அவர் சொல்லும்போது உங்களால் மறுபடி உண்டாக்கிப் பார்க்கவும் முடியாது. யாரையும் நம்பாத, யாரும் நம்பாத வருகைக் கணக்கு மாதிரியான ஸ்கிரிப்டுகளுக்கு அசிங்க் சரி. இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்ட் மூலம் ஸ்கிரிப்ட் டேக்கை உருவாக்கிப் பக்கத்தில் சேர்த்தால் அது தானாகவே அசிங்க் ஆகிவிடும். இரண்டு மூன்றை அப்படிச் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொன்றிலும் அசிங்க் பண்பை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டுச் சேருங்கள், சேர்த்த வரிசையில் ஓடும்.

பேஸ் டெம்ப்ளேட்டின் எலும்புக்கூடு

எல்லாப் பக்கங்களும் நீட்டிக்கும் பேஸ் டெம்ப்ளேட்டில், ஹெட் பகுதிக்குள் நான் வைக்கும் அமைப்பு இது (பிளாக் என்பது நீட்டிக்கும் டெம்ப்ளேட் வந்து நிரப்பும் இடம், விட்ஜெட் என்பது ஃபார்மில் ஓர் உள்ளீட்டுப் பெட்டியை வரையும் பாகம்):

வெளி நூலகங்களின் சிஎஸ்எஸ்
தளத்தின் பொது சிஎஸ்எஸ்
ஃபார்ம்களும் விட்ஜெட்டுகளும் கேட்கும் சிஎஸ்எஸ்
பக்க சிஎஸ்எஸ் என்ற காலி பிளாக்
வெளி நூலகங்களின் ஸ்கிரிப்ட், டிஃபருடன்
தளத்தின் பொது ஸ்கிரிப்ட், டிஃபருடன்
ஃபார்ம்களும் விட்ஜெட்டுகளும் கேட்கும் ஸ்கிரிப்ட், இதுவும் டிஃபருடன் (எப்படி என்பது பின்னால்)
பக்க ஸ்கிரிப்ட் என்ற காலி பிளாக்

ஸ்கிரிப்டை பாடியின் அடியில் வைப்பது பழைய வழக்கம், தப்பில்லை. ஆனால் டிஃபர் எல்லா பிரவுசர்களிலும் வேலை செய்யும் காலத்தில் ஹெட்டிலேயே வைத்தால் இறக்குவது சீக்கிரம் தொடங்கும், வரிசை முழுக்க ஒரே திரையில் கண்ணுக்குத் தெரியும். எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

சிஎஸ்எஸ்ஸுக்கும் ஸ்கிரிப்டுக்கும் தனித்தனி பிளாக் வைப்பது முக்கியம். கூடுதல் ஹெட் என்று ஒரே பிளாக் வைத்துவிட்டு இரண்டையும் அதில் கொட்டும் திட்டங்களில், ஆறு மாதத்தில் ஒரு பக்கத்தில் ஸ்கிரிப்ட் முன்னாலும் இன்னொன்றில் சிஎஸ்எஸ் முன்னாலும் இருக்கும். அடுத்து, குழந்தை டெம்ப்ளேட்டில் பிளாக்கை நிரப்பும்போது முதல் வரியாக பிளாக் டாட் சூப்பர் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் பெற்றோர் டெம்ப்ளேட் அந்த பிளாக்கில் வைத்திருந்தது மொத்தமும் போய்விடும். பேஸில் பிளாக் காலியாக இருக்கும்வரை இது தெரியாது. நடுவில் ஒரு பகுதி டெம்ப்ளேட் வந்து, அது அந்த பிளாக்கில் ஒரு ஃபைலைப் போட்டு, அதை நீட்டிக்கும் மூன்றாவது டெம்ப்ளேட் சூப்பரை மறந்தால், அந்த ஒரு பக்கம் மட்டும் கோணலாக நிற்கும். சூப்பரை முதலில் எழுதினால் உங்கள் ஃபைல் பெற்றோருக்குப் பின்னால் வரும், கடைசியில் எழுதினால் முன்னால் வரும். வரிசையைக் கட்டுப்படுத்த ஜாங்கோ தரும் மிக எளிய கருவி இதுதான்.

இன்க்ளூட் செய்யும் துண்டு டெம்ப்ளேட்டுக்குள்ளிருந்து ஹெட்டில் இருக்கும் பிளாக்கை நிரப்ப முடியாது, இதில் தடுமாறாதவர்கள் குறைவு. இன்க்ளூட் என்பது தனியாக ரெண்டர் ஆகி அந்த இடத்தில் ஒட்டப்படும் ஒரு துண்டு. அது ரெண்டர் ஆகும் நேரத்தில் ஹெட் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும். அதனால் அந்தத் துண்டுக்குத் தேவையான ஃபைலை, துண்டைப் பயன்படுத்தும் பக்கம்தான் தன் பிளாக்கில் போட வேண்டும். துண்டுகள் நிறைய, பக்கங்களும் நிறைய என்றால் ஜாங்கோ செகிசாய் என்ற தனிப் பேக்கேஜ் இருக்கிறது, துண்டுக்குள்ளிருந்தே மேலே ஒரு இடத்துக்கு ஃபைலை அனுப்ப அது வழி செய்கிறது. சிறிய திட்டத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

மீடியா கிளாஸ்: இதைத்தான் நிறையப் பேர் சரியாகப் பயன்படுத்துவதில்லை

ஃபார்முக்குள்ளோ விட்ஜெட்டுக்குள்ளோ மீடியா என்று ஒரு உள் கிளாஸ் எழுதி, அதில் சிஎஸ்எஸ், ஜேஎஸ் என்று ஃபைல் பட்டியல் கொடுக்கலாம். ஃபார்ம் தன்னுடைய எல்லா விட்ஜெட்டுகளின் பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மீடியாவாகத் தரும். சேர்க்கும்போது இரண்டு விஷயம் நடக்கிறது. ஒரே ஃபைல் பல பட்டியல்களில் இருந்தால் ஒரு தடவைதான் வரும். ஒவ்வொரு பட்டியலிலும் எது எதற்கு முன்னால் என்று எழுதியிருக்கிறதோ அந்த உறவு காப்பாற்றப்படும்.

உதாரணமாக நாட்காட்டி விட்ஜெட்டின் பட்டியல் ஜேக்வெரி, நாட்காட்டி. பரிந்துரை விட்ஜெட்டின் பட்டியல் ஜேக்வெரி, பரிந்துரை. சேர்த்தால் ஜேக்வெரி, நாட்காட்டி, பரிந்துரை என்று வரும். இங்கே பட்டியலை வெறும் ஃபைல் பெயர்களாகப் பார்க்காமல் 'இவருக்கு முன்னால் அவர் வந்திருக்க வேண்டும்' என்ற வாக்குமூலமாகப் பாருங்கள். அப்படிப் பார்த்தால், ஜேக்வெரி எங்கேயோ ஏற்கெனவே வந்திருக்கும் என்று நினைத்து விட்ஜெட்டில் நாட்காட்டியை மட்டும் எழுதுவது ஏன் ஆபத்து என்று புரியும். ஒரே பெயர் உள்ள பட்டியல் வரிசையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அதனால் அதை எங்கே வைத்தாலும் ஜாங்கோவைக் குறை சொல்ல முடியாது. தேவையானதை ஒவ்வொரு விட்ஜெட்டிலும் திரும்பத் திரும்ப எழுதுங்கள், இரட்டிப்பை நீக்குவதை அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு விட்ஜெட் முன்னால் என்று சொல்வதை இன்னொன்று பின்னால் என்று சொன்னால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. அப்போது மீடியா ஆர்டர் கான்ஃபிளிக்ட் வார்னிங் என்று டெர்மினலில் ஓர் எச்சரிக்கை வரும், பக்கமும் ஏதோ ஒரு வரிசையில் வந்துவிடும். பக்கம் வந்துவிட்டதே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். எச்சரிக்கையில் எந்த ஃபைல்கள் முட்டுகின்றன என்று பெயரோடு இருக்கும், தலைகீழாக எழுதிய பட்டியலைத் தேடித் திருத்துங்கள். சோதனைகளை ஓட்டும்போது பைத்தானின் வார்னிங்குகளைப் பிழையாக மாற்றி ஓட்டினால் இது தானாகவே மாட்டிக்கொள்ளும்.

இரட்டிப்பு நீக்கம் பெயரை வைத்து மட்டுமே நடக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு விட்ஜெட் ஜேக்வெரியை ஸ்டாட்டிக் கோப்புறைப் பாதையில் சொல்கிறது, இன்னொன்று சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையில் சொல்கிறது, மூன்றாவது வெளி சிடிஎன் (நூலகங்களை வழங்கும் வெளி சர்வர்) முகவரி தருகிறது என்றால், ஜாங்கோவுக்கு அவை மூன்று வேறு ஃபைல்கள். மூன்றும் பக்கத்தில் வரும், நான் மேலே சொன்ன கதை மறுபடி நடக்கும்.

என் கதையில் நடந்த தப்பு இன்னும் எளிது: டெம்ப்ளேட்டில் முதல் ஃபார்மின் மீடியாவை ஓரிடத்தில், இரண்டாவதின் மீடியாவை இன்னோரிடத்தில் தனித்தனியாக அச்சிட்டிருந்தேன். ஒவ்வொன்றும் தனக்குள் ஒழுங்காக இரட்டிப்பை நீக்கியது, ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. சரியான வழி, பக்கத்தைத் தயாரிக்கும் பைத்தான் பகுதியான வியூவிலேயே இரண்டையும் கூட்டல் குறியால் சேர்ப்பது. முதல் ஃபார்மின் மீடியா கூட்டல் இரண்டாவதின் மீடியா, விடையைப் பக்க மீடியா என்ற பெயரில் டெம்ப்ளேட்டுக்குக் கொடுங்கள். ஒரே ஃபார்மைப் பல தடவை அடுக்கும் ஃபார்ம்செட்டுக்கும் மீடியா உண்டு, அதையும் இப்படியே சேர்க்கலாம். பேஸ் டெம்ப்ளேட்டில் சிஎஸ்எஸ் இடத்தில் பக்க மீடியாவின் சிஎஸ்எஸ்ஸையும், ஸ்கிரிப்ட் இடத்தில் அதன் ஜேஎஸ்ஸையும் தனித்தனியாக அச்சிடலாம். ஃபார்மே இல்லாத பக்கத்தில் அந்த மாறி இருக்காது, டெம்ப்ளேட் வெற்றாக விட்டுவிடும், பிழை வராது.

அப்போது ஜேக்வெரியை பேஸ் டெம்ப்ளேட்டிலும் கையால் எழுதிவைத்திருந்தால்? மறுபடி இரண்டு தடவை வரும். எனவே முடிவெடுங்கள்: ஒரு நூலகம் பேஸில் இருக்கும் அல்லது மீடியாவில் இருக்கும், இரண்டிலும் இருக்கக் கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் தேவை என்றால் பொது ஃபைல்களை வைத்து ஃபார்ம்ஸ் டாட் மீடியா என்ற ஆப்ஜெக்டை நேரடியாக உருவாக்கி, அதோடு ஃபார்மின் மீடியாவைக் கூட்டுங்கள். பேஸில் கையால் எழுதிய வரியை அழித்துவிடலாம்.

டிஃபர் இதில் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. பேஸில் ஜேக்வெரிக்கு டிஃபர் போட்டிருக்கிறீர்கள், மீடியா அச்சிடும் டேக்குகளிலோ டிஃபர் கிடையாது. மூலத்தில் பார்த்தால் வரிசை அழகாக இருக்கும், ஓடும்போது டிஃபர் இல்லாதது முந்திக்கொள்ளும், ஜேக்வெரி பின்னால் வரும். ஆகவே ஒரு சங்கிலியில் இருக்கும் ஸ்கிரிப்டுகள் எல்லாவற்றுக்கும் டிஃபர் இருக்க வேண்டும், அல்லது எதற்குமே இருக்கக் கூடாது. ஜாங்கோ 5.2 முதல் மீடியா பட்டியலில் ஃபைல் பெயருக்குப் பதில் ஸ்கிரிப்ட் என்ற ஆப்ஜெக்டைக் கொடுத்து டிஃபர் பண்பைச் சேர்க்கலாம். 4.1 முதல், எச்டிஎம்எல் என்ற டபுள் அண்டர்ஸ்கோர் மெத்தட் உள்ள உங்கள் சொந்த ஆப்ஜெக்டை வைத்தும் இதைச் செய்யலாம். அப்படிச் செய்தால் இரட்டிப்பு நீக்கம் வேலை செய்ய இரண்டு ஆப்ஜெக்டுகள் ஒன்றா என்று சொல்லும் சமத்தன்மை, ஹேஷ் மெத்தட்களை நீங்களே பாதையை வைத்து எழுத வேண்டும்.

சிஎஸ்எஸ் பட்டியலில் ஆல், பிரிண்ட், ஸ்கிரீன் என்று மீடியா வகை வாரியாகப் பிரிப்பீர்கள் இல்லையா, அவற்றை நீங்கள் எழுதிய வரிசையில் ஜாங்கோ அச்சிடாது. ஆங்கில அகரவரிசைப்படி ஆல் முதலில், பிரிண்ட் அடுத்து, ஸ்கிரீன் கடைசியில் என்றுதான் வரும். ஸ்கிரீன் வகையில் போட்ட பொது விதியை ஆல் வகையில் போட்ட சிறப்பு விதி ஏன் மாற்றவில்லை என்று யோசித்தால் காரணம் இங்கே இருக்கலாம். எல்லாவற்றையும் ஆல் வகையில் வைத்து, அச்சுக்கான விதிகளை ஃபைலுக்குள்ளேயே மீடியா கேள்வியாக எழுதுவது எனக்குப் பிடித்த வழி.

பக்கத்துக்குள் எழுதும் ஸ்கிரிப்ட்

டிஃபர் என்பது தனி ஃபைலுக்கு மட்டும்தான். டெம்ப்ளேட்டுக்குள் நேரடியாக எழுதும் ஸ்கிரிப்டில் டிஃபர் என்று போட்டால் பிரவுசர் கண்டுகொள்ளாது, உடனே ஓட்டிவிடும். அதற்குள் ஜேக்வெரியைக் கூப்பிட்டால் டாலர் குறி வரையறுக்கப்படவில்லை என்ற பிழை வரும். அந்த ஸ்கிரிப்டைத் தனி ஃபைலாக்கி டிஃபரோடு வரிசையின் கடைசியில் சேர்ப்பது நல்லது. முடியாவிட்டால், ஆவணத்தைப் படித்து முடித்ததும் பிரவுசர் எழுப்பும் டாம் கண்டென்ட் லோடட் நிகழ்வுக்குள் வையுங்கள், டிஃபர் ஸ்கிரிப்டுகள் எல்லாம் அந்த நிகழ்வுக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். வகையை மாட்யூல் என்று மாற்றினாலும் அது டிஃபர் வரிசையில் போய் நின்றுகொள்ளும், ஆனால் அதற்குள் அறிவிக்கும் மாறிகள் வெளியே தெரியாது.

பெரும்பாலும் நாம் டெம்ப்ளேட்டுக்குள் ஸ்கிரிப்ட் எழுதுவது சர்வரிலிருந்து ஒரு மதிப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்கத்தான். அதற்கு ஜேசன் ஸ்கிரிப்ட் ஃபில்டர் இருக்கிறது. அது ஓடாத ஒரு ஸ்கிரிப்ட் டேக்கில் மதிப்பைப் பத்திரமாக எழுதிவைக்கும், டிஃபர் ஃபைல் அப்புறம் வந்து ஐடியை வைத்து எடுத்துக்கொள்ளும். ஓடுவதே இல்லை என்பதால் வரிசைத் தகராறும் இல்லை.

அட்மின் பக்கம்

ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கமான அட்மின் தன் ஜேக்வெரியை ஜாங்கோ டாட் ஜேக்வெரி என்ற பெயருக்குள் வைத்திருக்கிறது, வெறும் டாலர் குறி அங்கே கிடைக்காது. உங்கள் அட்மின் ஸ்கிரிப்ட் அதை நம்பியிருந்தால் உங்கள் மீடியா பட்டியலில் அட்மினின் ஜேக்வெரி இனிட் ஃபைலை முதலில் எழுதி, அதன் பின்னால் உங்கள் ஃபைலை எழுதுங்கள். பாதையை ஜாங்கோ தன் அட்மினில் எழுதியிருப்பது போலவே ஓர் எழுத்து மாறாமல் எழுத வேண்டும்.

வரிசையை நம்பியே இல்லாமல் சிஎஸ்எஸ் எழுதுவது

வெளி நூலகத்தின் சிஎஸ்எஸ் எப்போதும் தோற்க வேண்டும், நம்முடையது எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்றால், அதை டேக் வரிசையில் நம்பி விடுவதைவிட லேயர் விதியில் எழுதிவைப்பது உறுதியானது. 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. பொது சிஎஸ்எஸ்ஸின் முதல் வரியில் லேயர்களின் பெயர்களை வரிசையாக அறிவிக்க வேண்டும்: நூலகம், அடிப்படை, பாகங்கள், பக்கம். பின்னால் சொன்ன லேயர் முன்னால் சொன்னதை ஜெயிக்கும், செலக்டரின் வலு எவ்வளவு குறைவாக இருந்தாலும். எந்த லேயரிலும் சேராத விதி எல்லா லேயர்களையும் ஜெயித்துவிடும். அதனால் நூலகத்தை லேயருக்கு வெளியே விட்டுவிட்டு நம்முடையதை மட்டும் லேயருக்குள் போட்டால் நினைத்ததற்கு நேர் எதிராக நடக்கும்.

லிங்க் டேக்கில் லேயர் பெயரைச் சொல்ல வழியில்லை. ஒரு சின்ன சிஎஸ்எஸ் ஃபைலில் இம்போர்ட் விதியால் நூலகத்தை அந்த லேயருக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். இம்போர்ட் வரிகள் மற்ற விதிகளுக்கு மேலே இருக்க வேண்டும், நடுவில் வந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் விட்டுவிடும், பல ஃபைல்களை ஒன்றாக ஒட்டும் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இம்போர்ட் செய்த ஃபைல் முதல் ஃபைல் வந்தபிறகுதான் இறங்கத் தொடங்கும், ஆகவே ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்டாட்டிக் ஃபைல் பெயரில், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷைச் சேர்க்கும் மேனிஃபெஸ்ட் சேமிப்பு முறையைப் பயன்படுத்தினால் இம்போர்ட்டில் இருக்கும் பெயரையும் ஜாங்கோ சரியாக மாற்றி எழுதிவிடும். அப்புறம், மற்றவற்றை மீறச் சொல்லும் இம்பார்ட்டன்ட் போட்ட விதிகளில் லேயர் வரிசை தலைகீழாகிவிடும், முதலில் அறிவித்த லேயர் ஜெயிக்கும். நூலகம் ஒன்று இம்பார்ட்டன்ட்டை அள்ளி வீசியிருந்தால் லேயர் அதற்கு மருந்தாகாது.

சரிபார்ப்பது

ஏதாவது தப்பாகத் தெரிந்தால் முதலில் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள், எலிமென்ட்ஸ் பேனலைப் பிறகு பார்க்கலாம். மூலத்தில் இருப்பது ஜாங்கோ அனுப்பியது. பேனலில் இருப்பது ஸ்கிரிப்டுகள் மாற்றி முடித்தபின் இருப்பது. இரண்டிலும் ஒரே வரிசை என்றால் தப்பு டெம்ப்ளேட்டில், வேறாக இருந்தால் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் டேக்குகளைச் சேர்க்கிறது. சிஎஸ்எஸ் தகராறுக்கு ஸ்டைல்ஸ் பகுதியில் தோற்ற விதியைக் கோடு போட்டு அடித்திருக்கும், ஜெயித்த விதிக்குப் பக்கத்தில் அது எந்த ஃபைலின் எத்தனையாவது வரி என்று இருக்கும். ஸ்கிரிப்டுக்கு, நெட்வொர்க் பேனலில் காஷை முடக்கி, இணைப்பு வேகத்தைக் குறைத்து ஐந்தாறு தடவை ஏற்றிப் பாருங்கள். ஒரு தடவை உடைந்தாலும் எங்கோ ஓர் அசிங்க்கோ டிஃபர் விடுபட்ட டேக்கோ இருக்கிறது.

திருத்தியபிறகு ஒரு சோதனை எழுதிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஜாங்கோவின் டெஸ்ட் கிளையன்ட்டால் பக்கத்தை எடுத்து, வந்த எழுத்தில் ஜேக்வெரியின் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, நாட்காட்டியின் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, முதலாவது சிறியதாக இருக்க வேண்டும் என்று உறுதிப்படுத்துங்கள். ஜேக்வெரியின் பெயர் ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஹேஷ் சேர்ந்தால் பெயரின் வால் மாறும், அதனால் முன்பகுதியை மட்டும் தேடுங்கள்; அந்த முன்பகுதி வேறு எந்த ஃபைலின் பெயரிலும் வராதபடி கொஞ்சம் நீளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஜேக்வெரி என்ற சொல் அதன் துணை நூலகங்களின் பெயர்களிலும் ஒளிந்திருக்கும்.